ஒரு நாழிகை வானம்

வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமானத் தளத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வரை நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 121 கிலோமீட்டர். இரண்டுக்கும் அட்சரேகையில் பத்தில் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை, முன்னது 12.91, பின்னது 12.99. தீர்க்கரேகையில்தான் 79.07இலிருந்து 80.18 வரை ஒரு பாகைக்குச் சற்று மேல் விலகல். தெற்கு வடக்காகப் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. மேற்கு கிழக்காக 120 கிலோமீட்டர். அப்துல்லாபுரத்தில் மேலே எழும்பும் விமானம் சூரியன் உதிக்கும் திசைக்கு மூக்கைத் திருப்பி அப்படியே போனால் மீனம்பாக்கம் வந்துவிடும்.

அந்தக் கோட்டைத் தரையில் இறக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். வேலூர் நகரத்தைக் கடந்து, பாலாற்றை ஒட்டியபடி, ராணிப்பேட்டையின் தலைக்குமேல் அது போகிறது. வாலாஜாபேட்டையைத் தாண்டிக் காவேரிப்பாக்கம் ஏரியை உரசுகிறது. காஞ்சிபுரத்தைத் தெற்கே 14 கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூருக்கு நேர் மேலே வந்து சென்னையைத் தொடுகிறது. ஊர்களின் இந்த வரிசை லாரி ஓட்டுநர் யாருக்கும் மனப்பாடம். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையின் வரிசை அது. சாலைவழித் தூரம் 140 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதை 130 கிலோமீட்டர். மலை குறுக்கே நிற்கவில்லை, கடல் இல்லை. பாலாறும் பெரும்பாலும் கூடவே ஓடுகிறது. தரையிலேயே பாதை நேராக அமைந்த நாடு இது. வானத்தில் போவதால் மிச்சமாகும் தூரம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

இந்தக் கோட்டுக்குத் தெற்கே 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கலவை. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஊரைச் சுற்றி ஏரிப் பாசனமும் நெல் வயலும். வடக்கிலும் மேற்கிலும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் உள்ள தோல் பட்டை. கலவையிலிருந்து அப்துல்லாபுரம் தளம் நேர்கோட்டில் 41 கிலோமீட்டர் மேற்கே. அரக்கோணம் கடற்படைத் தளம் 44 கிலோமீட்டர் வடகிழக்கே. மீனம்பாக்கம் 86 கிலோமீட்டர் கிழக்கே. இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவில், ஏறத்தாழச் சம தூரத்தில், இரண்டிலும் ஏற முடியாமல் மூன்றாவதுக்குப் போகிற ஊர் என்று இதைச் சொல்லலாம். தூரம், நேரம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

பிரித்துப் பார்ப்பது என்பதே பிற்காலப் பழக்கம். பழைய தமிழில் வழியின் அளவையும் பொழுதின் அளவையும் ஒரே சொல் சுமந்தது. நாழிகை என்பது 24 நிமிடம், நாளுக்கு அறுபது. ஒரு நாழிகையில் நடக்கக்கூடிய தூரம் நாழிகைவழி. அதைவிடப் பெரிய அளவு காதம்; ஏறத்தாழப் பத்து மைல் என்று அகராதிகள் சொல்கின்றன. தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கற்கள் இரண்டு, அதியமான் பெருவழியில் நாவற்தாவளம் என்ற ஊர் இன்னும் எத்தனை காதம் என்று சொல்கின்றன. அவற்றில் ஒன்றில் 29 காதம் என்று எண்ணால் பொறித்திருக்கிறார்கள். அதோடு விடாமல் அதே கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள்: பெரிய குழி பத்துக்கு, சின்னக் குழி ஒன்றுக்கு. இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எழுத்தறியாத வண்டிக்காரர் இருட்டில் விரலால் தடவிப் பார்த்தே மிச்ச வழியைத் தெரிந்துகொள்ளலாம். தூரத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அந்தக் குழிகளில் தெரிகிறது. காதத்தைப் படித்த வணிகனுக்கு அது நடையாகத்தான் மனத்தில் பட்டிருக்கும்: இத்தனை பொழுது, இத்தனை தங்கல், மாட்டுக்கு இத்தனை இடத்தில் தண்ணீர்.

தூரத்தைப் பொழுதிலிருந்து கழற்றி எடுத்த வேலை இந்தப் பகுதியில் நடந்த இடமும் நாளும் தெரியும். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். கருவி, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, அவர் ஏற்காமல் திரும்பியது அது. அந்தச் சங்கிலியைத் தரையில் அப்படியே இழுத்துப் போடவில்லை. முக்காலிகள் நட்டு, மட்டம் பார்த்து, அவற்றின் மேல் மரப்பெட்டிகளை வைத்து, பெட்டிக்குள் சங்கிலியைக் கிடத்தி இழுத்துக் கட்டினார்கள். பக்கத்தில் வெப்பமானிகள். வெயில் ஒரு பாகை ஃபாரன்ஹீட் ஏறினால் எஃகு ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக நீளும். அதையும் கணக்கில் கழித்தார்கள். சித்திரை வெயிலில் ஏழரை மைலுக்கும் இப்படியே. அந்த அடிக்கோட்டின் மேல் முதல் முக்கோணம் எழுந்தது. பின்னர் மலையுச்சிக்கு மலையுச்சி தாவி, பழைய ஆற்காட்டுச் சீமையின் குன்றுகளைக் கடந்து, மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்கள் நீண்டன. இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். இன்றைய மீனம்பாக்கம் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது பரங்கிமலை. 121 கிலோமீட்டர் என்று இன்று செயற்கைக்கோள் ஒரு நொடியில் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் அந்த முக்காலிகளும் மரப்பெட்டிகளும் வரிசையாக நிற்கின்றன.

தூரம் அப்படியே நிற்க, நேரம் மட்டும் முதன்முறையாகச் சரசரவென்று இறங்கியதும் இதே கோட்டில்தான். 1856 ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜாபேட்டைக்கு ரயில் ஓடியது; தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. சுமார் நூறு கிலோமீட்டர். வண்டியில் நாட்கணக்கான வழி ஒரு பகலுக்குள் சுருங்கியது. ஆனால் சுருங்கியது ரயில் நிற்கும் ஊர்களுக்கு மட்டும். நிலையத்திலிருந்து விலகிய ஊர்களுக்குப் பழைய நாழிகைவழி அப்படியே இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1907 பிப்ரவரியில், திண்டிவனத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தாயாருடன் காஞ்சிபுரம் வரை ரயிலில் வந்தான். அங்கிருந்து மடத்து வண்டி அவனைக் கலவைக்கு அழைத்துப் போனது. அந்த மாதம் 13ஆம் தேதி கலவையில் துறவறம் ஏற்றுக் காஞ்சி மடத்தின் 68ஆவது பீடாதிபதியான சந்திரசேகரேந்திர சரஸ்வதி அவர்தான். காஞ்சிபுரத்துக்கும் கலவைக்கும் நேர்கோட்டில் 31 கிலோமீட்டர். இனித் தன் வாழ்வு எப்படி இருக்கப்போகிறது என்ற செய்தி அந்தச் சிறுவனுக்குச் சொல்லப்பட்டது அந்த வண்டிப் பயணத்தில்தான். பெரிய செய்தி ஒன்றை ஒரு பிள்ளைக்குச் சொல்லி முடிக்க அந்த வண்டியின் வேகம் இடம் கொடுத்தது.

இனி பறக்கும் நேரம். அப்துல்லாபுரத்தின் ஓடுபாதை குட்டையானது. இருபது இருக்கைக்கு உட்பட்ட சிறு விமானங்களுக்கே இடம் கொடுக்கும். அவ்வகை விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் 121 கிலோமீட்டருக்கு 24 நிமிடம். சரியாக ஒரு நாழிகை. காலால் நடந்த காலத்தில் ஒரு மைலுக்குச் சற்று மேலே இருந்த நாழிகைவழி, புரொப்பெல்லர் விமானத்தில் வேலூர் - சென்னை அளவுக்கு நீண்டுவிட்டது. ஜெட் விமானமானால் காகிதக் கணக்கில் பத்து நிமிடம். ஆனால் அது உயரம் ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை.

விமானத் துறையில் பயண நேரத்தை வானத்தில் தொடங்குவதில்லை. நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். புறப்படும் இடத்தில் அந்தக் கட்டையை எடுப்பதிலிருந்து, சேரும் இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரையில் உள்ளதுதான் அட்டவணையில் அச்சாகும் நேரம். கட்டை எடுத்த பின் ஓடுபாதை முனை வரை ஊர்ந்து போக வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். மேலேறும்போது வேகம் குறைவு. சென்னையை நெருங்கும்போது பெரிய விமானங்களின் வரிசையில் ஓர் இடம் கிடைக்கும்வரை வட்டமிட வேண்டியும் வரலாம். இறங்கிய பின் நிறுத்துமிடம் வரை மறுபடி ஊர்தல். 24 நிமிடப் பறப்பு 40 நிமிடமாகிவிடும். காற்றும் தன் பங்கைக் கேட்கும். தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடி மாதங்களில், சிறு விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து பலமாகக் காற்று வீசும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று முதுகில் தள்ளினால் சென்னைக்கு 21 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடித்தால் 28 நிமிடம். தூரம் போகவும் வரவும் ஒன்றே, நேரம் ஒன்றல்ல.

இதைக் கலவைக்காரர் ஒருவரின் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். அப்துல்லாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அவர் ஆற்காடு, வேலூர் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போக வேண்டும்; பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம். ஒரு மணி நேரம் முன்னதாக ஆஜராக வேண்டும். பிறகு 40 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பறக்கும்போது தன் ஊருக்கு 18 கிலோமீட்டர் வடக்கே கடந்து போவார். வீட்டு வாசலில் கார் ஏறிக் கிழக்கே போனால் இரண்டரை மணி நேரத்தில் மீனம்பாக்கம். ஆம்பூர்க்காரருக்குக் கணக்கு சற்று வேறு. அவருக்கு அப்துல்லாபுரம் போகிற வழியில்தான், 45 கிலோமீட்டரில், இருக்கிறது. சாலை ஒரு மணி, காத்திருப்பு ஒரு மணி, விமானம் 40 நிமிடம். நெடுஞ்சாலையில் மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும் பயணத்தில் இருபது நிமிடமோ முக்கால் மணியோ மிச்சம். ஷூ கம்பெனிக்கு வரும் வெளிநாட்டு பையருக்கு அந்த முக்கால் மணி பெரிதாகத் தோன்றலாம். ஆனால் அவர் சென்னையில் இறங்கும் நேரமும் சிறு விமானம் கிளம்பும் நேரமும் பொருந்தாவிட்டால் அந்த லாபம் காத்திருப்பு அறையிலேயே கரைந்துபோகும்.

ஆக, குறுகிய வான்வழியின் பலன் கிலோமீட்டரில் இல்லை. இரண்டு இடங்களுக்கு நடுவே தரையில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. இதை உறுதிப்படுத்திக்கொள்ள உலகத்தின் வடக்கு விளிம்புக்குப் போவது உதவும்.

வடதுருவத்துக்குப் பக்கத்தில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். அதன் தலைமை ஊர் லாங்இயர்பியன். விமான நிலையம் 1975இல் திறக்கப்பட்டது, உறைந்த மண்ணின் மேல். அங்கிருந்து வடமேற்கே நி-ஓலசுண்டு என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். இன்று ஆராய்ச்சிக்கான குடியிருப்பு. 1926 மே மாதம் அமுண்ட்சனும் நோபிலேயும் துருவத்தின் மேல் பறந்த நார்கே ஆகாயக் கப்பல் கிளம்பியது இங்கிருந்துதான். இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 முதல் இங்கே இயங்குகிறது. இரண்டு தளங்களுக்கும் இடையே ஏறத்தாழ 110 கிலோமீட்டர்; அப்துல்லாபுரம் - மீனம்பாக்கத்தைவிடப் பதினொரு கிலோமீட்டர் குறைவு. இந்த வழியில் பறந்த டோர்னியர் 228 ரக விமானம் பத்தொன்பது இருக்கை வகை. அதே வகை இந்தியாவில் கான்பூரில் தயாராகிறது. பறக்கும் நேரம் சுமார் 25 நிமிடம். அங்கேயும் ஒரு நாழிகைதான்.

எண்கள் இப்படி ஒத்துப்போக, மற்ற எல்லாமே வேறு. லாங்இயர்பியனிலிருந்து நி-ஓலசுண்டுக்குச் சாலையே கிடையாது. இடையில் பனியாறுகளும் உறைகடல் நீட்சிகளும் பனிக்கரடிகளும். விமானம் இல்லையென்றால் கோடையில் கப்பல், குளிர்காலத்தில் பனிவண்டி. அதனால் வாரத்தில் சில நாள் மட்டும் போகும் அந்தச் சிறு விமானத்தின் 25 நிமிடம் யாருக்கும் ஆடம்பரமாகப் படுவதில்லை. மேகம் கவிந்து அது நின்றுபோனால் ஆய்வாளர் அடுத்த வானிலைக்காக நாட்களை எண்ணுகிறார்.

வரைபடம் ஏமாற்றும் இடமும் அதுதான். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்வால்பார்டு அகன்று விரிந்து தெரியும். உண்மையில் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குடைக்கம்பிகள்போல நெருங்குகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். கலவையின் அட்சரேகையில் 108. லாங்இயர்பியனில் வெறும் 23. வேலூருக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை விலகலை அங்கே கொண்டுபோய் வைத்தால் 25 கிலோமீட்டர்தான் தேறும். வடகோடி ஊர்களின் தொலைவைப் படத்தில் விரல் வைத்து ஊகிக்கக் கூடாது. பூமியின் வளைவின் மேல், பெருவட்டக் கோட்டில் கணக்கிட வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே - பாப்பா வெஸ்ட்ரே இடையே 1967 முதல் ஓடும் விமானம் 2.7 கிலோமீட்டர்தான் பறக்கிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். 53 நொடியில் முடிந்த நாளும் உண்டு. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையே 3.6 கிலோமீட்டர். ஓர் ஓடுபாதை நீளம்கூட இல்லாத தூரத்துக்கு விமானம் எதற்கு என்று கேட்பவர், நடுவிலுள்ள கடல் நீரோட்டத்தைக் கணக்கில் எடுக்காதவர்.

இந்தியாவின் வடக்கிலும் இதே பாடம்தான். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் நேர்கோட்டில் 140 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சென்னைக்குச் சாலையில் போகும் அதே தொலைவு. ஆனால் அங்கே சாலை 200 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து, சோஜிலா கணவாயில் ஏறி இறங்குகிறது. பனி விழுந்து கணவாய் மூடும் மாதங்களில் விமானப்படையின் ஏ.என். 32 விமானம் பொதுமக்களை ஏற்றிப் போகிறது. கார்கில் கூரியர் என்று அதற்குப் பேர். நோயாளி, பரீட்சைக்குப் போகும் மாணவர், ஊர் திரும்பும் கூலித் தொழிலாளி எல்லாரும் அதில் இடம் கேட்டு நிற்பார்கள். அரை மணியைச் சற்றுத் தாண்டும் பறப்பு. அதன் மதிப்பை அளக்க வேண்டியது மூடிக்கிடக்கும் மாதங்களால்.

தமிழருக்கு நெருக்கமான உதாரணம் யாழ்ப்பாணம். அதன் பலாலி விமான நிலையமும் ஒரு நாட்டின் வடகோடியில், நீண்ட காலம் போரால் துண்டிக்கப்பட்டுக் கிடந்த தளம். மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு நேர் தெற்கே 354 கிலோமீட்டர், ஏ.டி.ஆர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். 2019 அக்டோபர் 17இல் அது சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கும்வரை, யாழ்ப்பாணத்தவர் சென்னைக்கு வர முதலில் எதிர்த் திசையில், தெற்கே, கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. நேர்கோட்டிலேயே 289 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு 643. ஆக 354 கிலோமீட்டர் வழிக்கு 930 கிலோமீட்டர் சுற்று, அதில் முதல் பகுதி இரவு முழுக்கப் பஸ்ஸில். 2020 மார்ச்சில் தொற்றுக் காலத்தில் நின்று, 2022 டிசம்பர் 12இல் மறுபடி தொடங்கியது அந்தச் சேவை. ஒன்றேகால் மணி நேரம் என்று அட்டவணையில் சாதாரணமாக இருக்கும் எண், யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு தாயால் சென்னையில் உள்ள மகளின் பிரசவத்துக்கு வந்து சேர முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த உதாரணங்களோடு வைத்துப் பார்த்தால் அப்துல்லாபுரத்துக்குச் செய்ய வேண்டியது எது என்பது புலப்படும். 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்க வந்தது. ஒரு மணி நேரப் பறப்புக்கு, ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு, பாதி இருக்கைகளுக்குக் கட்டணம் 2,500 ரூபாய் என்று வரம்பு வைத்தது. வேலூர் அதில் இடம்பெற்றது. ஓடுபாதை சீரானது, சிறு முனையக் கட்டடமும் எழும்பியது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தளம் பயணிக்காகக் காத்திருந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் என்றே பேச்சு சுற்றிவந்தது. பெங்களூரு கெம்பே கவுடா நிலையம் 151 கிலோமீட்டர். அதுவும் நெடுஞ்சாலை, ரயில் இரண்டும் நன்றாக உள்ள திசை. மேற்கு கிழக்குக் கோட்டில் விமானம் போட்டிபோட வேண்டியது வந்தே பாரத் ரயிலோடும் நெடுஞ்சாலையோடும். தெற்குத் திசை அப்படியல்ல. அப்துல்லாபுரத்திலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 356 கிலோமீட்டர்; சென்னை - பலாலித் தூரத்தோடு இரண்டே கிலோமீட்டர் வித்தியாசம். சிறு விமானத்தில் 70 நிமிடம். தரையில் ஒரு பகல் அல்லது ஓர் இரவு. குறுகிய ஓடுபாதைக்குப் பலன் அந்தப் பக்கம்தான் கூடுதல்.

வேலூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பகுதி, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கி வளர்ந்த சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள், மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும். கொல்கத்தா இங்கிருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல். இருபது இருக்கை விமானம் அந்தத் தூரத்துக்கானதல்ல. அந்தத் தூரம் போகும் விமானம் இந்த ஓடுபாதையில் இறங்காது. ஆகவே அவர்களுக்குச் சென்னை வரை விமானம், பிறகு காட்பாடி ரயில். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி காட்பாடி நடைமேடையில் இறங்குகிறவருக்கு உதவுவது, மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு நோயாளியோடு மாறிச் செல்லும் அந்த இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்தை எளிதாக்குவதுதான்.

அரக்கோணத்தின் நிலை நேர் எதிர். இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்றின் மேல் உருவாகி, 1992 மார்ச்சில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். ராஜாளியின் ஓடுபாதை நான்கு கிலோமீட்டரைத் தாண்டும். நீர்மூழ்கிகளைத் தேடும் பி8ஐ விமானங்களின் இருப்பிடம். எந்தப் பயணிகள் விமானமும் இறங்கலாம். ராணுவத் தளம் என்பதால் இறங்குவதில்லை. ஒரு முறை கதவு திறந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி மீனம்பாக்கம் ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தபோது, ராஜாளியிலிருந்து பயணிகள் விமானங்கள் கிளம்பின. சென்னையில் சிக்கிய மக்கள் பஸ்ஸில் அரக்கோணத்துக்கு வந்து ஐதராபாத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் பறந்தார்கள். அந்தச் சில நாள் கலவைக்கு மிக அருகிலிருந்த விமான நிலையம் 44 கிலோமீட்டரில் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் அது பழையபடி 86 கிலோமீட்டருக்குப் போய்விட்டது.

மற்ற நாட்களில் கலவையின் கணக்கு இது. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவரின் விமானம் விடியற்காலை நான்கு மணிக்கு என்றால், வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, ஒரு மணிக்கே, நிலையத்தில் இருக்க வேண்டும். வழியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நெரிசல் இருக்கலாம் என்று வாடகைக் கார் ஓட்டுநர் அரை மணி கூட்டிச் சொல்வார். இரவு ஒன்பதரை மணிக்கு வாசலில் கார் வந்து நிற்கும். கயிறு கட்டிய பெட்டி, அதன்மேல் மார்க்கரில் எழுதிய பேர், ஊறுகாய் கசியாமல் இருக்க மூன்று சுற்று பிளாஸ்டிக் உறை. வழியனுப்பப் பின் சீட்டில் நான்கு பேர். நான்கு மணிக்கு விமானம் கிளம்பி மேற்கே திரும்பினால், கலவை இருக்கும் தீர்க்கரேகையைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வீட்டு வாசலை விட்டுக் கிளம்பி ஏழு மணி நேரம் ஆகப்போகும் அந்த வேளையில், விமானம் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பும், வழியனுப்ப வந்தவர்களின் கார் இன்னும் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியிருக்காது.